பதினான்கு இறாத்தல்

கிராண்ட்பாஸ் ஏழாம் நம்பர் கிட்டங்கியில்
எனக்கொரு மேடைத் தராசு, ஒரு பேனா,
நீலக் கோடிட்ட பேரேட்டில் ஐந்து பத்திகள்:
திகதி, சாமான், எடை, கழிவு, கப்பல்.
கப்பலின் பெயரை எழுதக்கூடாதென்று
மாசியில் உத்தரவு வந்தது.
அன்றிலிருந்து அந்தப் பத்தியில் ஒரு கோடு.

மாசியில்தான் சிங்கப்பூர் விழுந்தது.
காலையில் செய்தி.
மத்தியானம் ஒல்டிங் துரை வந்து
மூட்டை ஒன்றின்மேல் தொப்பியை வைத்து
‘மலாயாவின் மரமெல்லாம் போயிற்று,
இனி நாம்தான்’ என்றார்.
ஒன்பது வருடத்தில் அவர்
நாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு றப்பர் வந்தது பாருங்கள்,
களுத்துறை, அவிசாவளை, கேகாலை,
லொறியில், ரயிலில், களனி ஆற்றுப் படகில்,
புகைபிடித்த தாள் தாளாக,
மழையில் நனைந்த நாயின் வாசத்தோடு.
‘மரத்துக்கு இப்போது லீவு கிடையாது’
என்றான் லொறிக்காரன் பியதாச.
‘ஒரு பக்கம் சீவி, மறுபக்கம் சீவி,
ஏணி வைத்து மேலேயும் சீவுகிறார்கள்.
செத்தால் சாகட்டுமாம், கிளாக்கர்.
நட்டஈடு உண்டாம்.’
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
இருநூற்று இருபத்துநான்கு என்று எழுதினேன்.

குதிரைப் பந்தயத் திடலில் விமானம் இறங்கத் தொடங்கியது.
காவற்காரர் துவான் சமீன்
பதினொரு வருடச் சம்பளத்தை அங்கே விட்டவர்.
‘கடைசியில் அந்த மண்ணிலிருந்து
ஏதோ ஒன்று மேலே போகிறதே’ என்று
வெற்றிலையைத் துப்பினார்.

உயிர்த்த ஞாயிறு காலை குண்டு விழுந்தது.
நான் கிட்டங்கியில் இருந்தேன்.
மேடையில் ஒன்றுமில்லை,
தராசுக் கோல் மட்டும் ஆடியது.
எவ்வளவு என்று குனிந்து பார்த்தேன்.
பழக்கம்.

திங்கட்கிழமை நாற்பது பெண்களில் பதினேழு பேர்தான் வந்தார்கள்.
மற்றவர்கள் மூட்டையும் பிள்ளையுமாக
மருதானை ஸ்டேஷனில்.
வந்தவர்களில் வேலாயி ஒருத்தி.
போக அவளுக்கு ஊர் இருந்ததா தெரியாது.

அவர்களுக்குச் சிரட்டைக்கரி வேலை.
உடைப்பது, புடைப்பது, சலிப்பது,
பயறளவு மணியாய்ப் பிரிப்பது.
நச்சுவாயு முகமூடிக்குள் போடுவதற்காம்.
லண்டனில் ஒரு பிள்ளை அதன் வழியாக மூச்சு விடுமாம்.
நாங்கள் சம்பலுக்குத் துருவி எறிந்த சிரட்டை.
வேலாயி சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொள்வாள்.
பத்து மணிக்கு அது கறுப்பு.
பன்னிரண்டுக்கு அவள் இருமுவது
தெருவுக்குக் கேட்கும்.

வீட்டில் கூப்பன்.
அரிசி வந்தால் அரைக் கொத்து,
வராவிட்டால் பஜிரி.
கோழிக்குப் போட்டதை உரலில் இடித்து
வைத்துவிட்டு என் மனைவி திலோத்தமை
நான் தின்பதைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வாள்.
நான் எடை போட்டு அனுப்பாத சாமான்
அந்த ஊரில் அரிசி ஒன்றுதான்.

தையில் ஒருநாள், வேலை ஓய்ந்த நேரம்,
பெண்கள் விளையாட்டாகத் தராசில் ஏறினார்கள்.
வேலாயி தொண்ணூற்றெட்டு இறாத்தல்.
‘ஒரு மூட்டைக்குக் கூடக் காணாது’ என்று சிரித்தாள்.
புரட்டாசியில் அவளாகவே வந்து நின்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
எண்பத்துநான்கு.
இரண்டு தரம் குண்டை நகர்த்திப் பார்த்தேன்.
தராசில் பிழை இல்லை,
போன வாரம்தான் இன்ஸ்பெக்டர் முத்திரை வைத்தார்.

அந்த மாதம் ஏழாம் நம்பர் கிட்டங்கி
முந்நூறு தொன் தாண்டியது.
துரை எல்லோருக்கும் ஒரு சவர்க்காரக் கட்டி கொடுத்தார்.

பதினான்கு இறாத்தல்.
சாமான் பத்தியில் என்னவென்று போடுவது?
கழிவில் போட்டால்
யாரோ கணக்குப் பார்ப்பவன் சிவப்பில் சுழிப்பான்.

‘எழுதிட்டீங்களா ஐயா?’
இறங்கும்போது கேட்டாள்.
‘எழுதிவிட்டேன்’ என்றேன்.
பேனா அந்த வரியில்
ஒரு கோடு இழுத்திருந்தது.
வெளியே பியதாச ஹோர்ன் அடித்தான்,
கேகாலை லொறி,
இன்னும் ஈரம் காயாத தாள்கள்.