ஜேக்கும் எல்லுக்கும் நடுவே

டகோட்டா வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்து
கம்பெனி ஆள் ஒரு கோடு போட்டான்.
பத்து மைலுக்கு ஒரு புள்ளி,
அவ்வளவுதான் ஓர் எஞ்சினின் தாகம்.
புள்ளிகளுக்கு எழுத்து வரிசையில் பெயர்.
ஆர்டன், பெல்வா, கோரம் என்று வந்தவனுக்கு
பதினோராம் புள்ளியில் யோசனை வற்றிவிட்டது.
சம்பளக் கணக்கரின் குதிரை பெயரை எழுதினான்:
கெல்டா.
அந்தக் குதிரை இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

புள்ளி விழுந்த இடத்தில் வெறும் புல்.
ஊர் இருந்தது இரண்டு மைல் வடக்கே, ஓடைக்கரையில்.
பதினேழு வீடு, ஒரு கொல்லுப்பட்டறை,
இன்னும் மணி வாங்காத ஒரு கோவில்.
தண்டவாளம் கொஞ்சம் வளையக் கூடாதா
என்று கடிதம் போட்டார்கள்.
வளையாது என்று பதில் வந்தது.
ஒற்றை வரி, அதைவிட நீளமான கையெழுத்து.

தரை கல்லாய் உறைந்த ஜனவரியில்
வீடுகளுக்கு அடியில் உருளைக்கட்டை கொடுத்து
முப்பத்தாறு குதிரைகளைப் பூட்டினார்கள்.
ஊர் கூடித் தேர் இழுத்துப் பார்த்திருப்பீர்கள்.
இங்கே ஊர் கூடி ஊரை இழுத்தது.

குனில்டா டோர்விக் வீட்டைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள்.
அடுப்பில் ரொட்டி இருக்கிறதாம்.
புகைபோக்கியில் புகையோடு நகர்ந்தது அவள் வீடு.
வெண்பனியில் கப்பல் போல என்று எழுத எனக்கும் ஆசைதான்.
கூட நடந்தவன் குறிப்பேட்டில்
சினைமாடு போல என்றுதான் இருக்கிறது,
பத்தடிக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி.
ரொட்டி ஒரு பக்கம் சரிந்து வெந்தது.
அதையும் தின்றார்கள்.

கல்லறைகளுக்கு உருளைக்கட்டை கொடுக்க முடியவில்லை.
நான்கு குழந்தைகளும் கிணறு வெட்டிய ஒருவனும்
ஓடைக்கரையிலேயே தங்கிவிட்டார்கள்.

அப்புறம் மளமளவென்று:
தண்ணீர்த் தொட்டி, தந்திக் கம்பம், தானியக் கிடங்கு,
இரண்டு ஓட்டல், நாலு சாராயக்கடை,
செக் மொழியில் சண்டை, நார்வீஜியனில் சமாதானம்.
கோவில் மணி ரயிலில் வந்து இறங்கியது.
சரக்குக் கூலி கட்ட ஆளில்லாமல் ஐந்து மாதம்
பிளாட்பாரத்திலேயே கிடந்தது.
ஸ்டேஷன் மாஸ்டர் போஹுமில் கொட்ர்பா
மதியச் சாப்பாட்டு வேளைக்கு அதைச் சுத்தியலால் தட்டுவார்.
ஊர் மொத்தமும் பசியைக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதற்கு மேல் ஏறவில்லை.

டீசலுக்குத் தாகம் கிடையாது.
யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி நிற்காமல் போனது.
தொட்டிக்கார ஆர்விட் ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி
மறு கையை ஆட்டினான்.
ஓட்டுநரும் மரியாதையாகக் கையை ஆட்டினான்.

நான் இந்த ஊரின் எழுத்தர், வாரத்தில் இரண்டு நாள்.
மக்கள்தொகைப் பலகை என் பொறுப்பு.
பெயின்ட் கட்டுப்படியாகவில்லை,
எண்களைத் தகட்டில் வெட்டி ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன்.
ஏழுகளும் எட்டுகளும் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன.

போன அக்டோபரில் டோர்விக் வீடு ஏலம் போனது.
அடுத்த புள்ளியில், எல் எழுத்துக்காரர்கள்
வீட்டை அப்படியே பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள்.
முன்னால் நடந்து, நீளக் கழியால்
மின்கம்பிகளைத் தூக்கிப் பிடித்தது நான்தான்.
லெவல் கிராஸிங்கில் லாரியின் அச்சு முறிந்தது.
தண்டவாளத்தின் குறுக்கே வீடு,
ஜன்னல்களில் இன்னும் திரைச்சீலை.

நூற்று முப்பது பெட்டி நிலக்கரியோடு
ஒரு வண்டி கெல்டாவில் நின்றது.
எனக்குத் தெரிந்து முதல் தடவை.
ஓட்டுநர் இறங்கி வந்தாள், சின்னப் பெண்,
பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டாள்.
அலுவலகச் சாவியைக் கொடுத்தேன்.

திரும்பி வந்தவள் வீட்டைச் சுற்றி நடந்து
அடிப்பலகையைக் காலால் தட்டிப் பார்த்தாள்.
இது என்ன ஊர் என்றாள்.
சொன்னேன்.
அழகான பெயர், யாரோ ஒரு பெண்ணுடையதா என்றாள்.

ஆமாம் என்றேன்.