இரண்டாம் காடிக்கும் மூன்றாம் காடிக்கும் நடுவே

சூபுத் மேட்டுவெளியில்
ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து அடுத்ததற்கு
முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
என் டேங்க் பதினொரு லிட்டர்.
வண்டி கொடுப்பது லிட்டருக்கு இருபத்தாறு.
பெருக்கிப் பாருங்கள்.
மிச்ச இருபத்து நான்கு
போன மார்ச்சில் நான் தள்ளிக்கொண்டு நடந்தது.

காற்றை அளப்பது என் வேலை.
கம்பத்து உச்சியில் சுழலும் கிண்ணங்களுக்கு
எண்ணெய் விட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு
அடுத்த கம்பத்துக்குப் போக வேண்டும்.

கேன் ஒன்று கட்டிக்கொள் என்றான் எடெல்மிரோ.
அவனுக்கென்ன, லாரிக்காரன்.
கட்டினேன்.
சரளையில் குலுங்கிக் கேன் கசிந்து
நான்கு நாள் ரொட்டியில் பெட்ரோல் மணத்தது.

ஞாயிற்றுக்கிழமை
சமையல் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து
கார்புரேட்டரைப் பிரித்தேன்.
காற்று வடிகட்டியில் கைப்பிடி மண்,
ஒரு தட்டானின் ஒற்றை இறக்கை.
ஜெட்டில் நூற்றிருபது என்று பொறித்திருந்தது;
எடுத்துவிட்டு நூற்றுப் பதினைந்தைப் போட்டேன்.
ஊசியின் தலையில் ஐந்து காடிகள்,
மூன்றாவதில் கிளிப்.
கிளிப்பை ஒரு காடி ஏற்றினால்
ஊசி ஒரு படி இறங்கும், வழி இறுகும்,
பெட்ரோல் குறையும், காற்று கூடும்.
நாளெல்லாம் வெளியில் நான் வைகிற அதே காற்றை
உள்ளே வா என்று நானே கூப்பிட்டேன்.

நேர்ச்சாலை. தொண்ணூறில் பத்து நிமிடம்.
கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் இன்ஜினை அணைத்து,
ஓரத்தில் உட்கார்ந்து பிளக்கைக் கழற்றினேன்.
கரி பூத்திருந்தால் பெருந்தீனி.
சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பட்டினி.
வெளுத்திருந்தது.
மேட்டில் ஏறியபோதே கேட்டிருக்க வேண்டும்,
தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குகிற அந்தச் சத்தத்தை.
இன்னும் இரண்டு மேடு போயிருந்தால்
பிஸ்டனில் ஓட்டை.

சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடையே
அரை மில்லிமீட்டர் இருக்கிறது.
மத்தி மீன் டப்பாவின் மூடியைக் கத்தரித்து
இரண்டு வளையம் செய்து
கிளிப்புக்கு அடியில் கொடுத்தேன்.
கட்டைவிரலும் கொஞ்சம் அறுந்தது.
அரைக் காடி.
யாரும் கையேட்டில் எழுதாத இடம்.
மறுபடி ஓட்டி, மறுபடி கழற்றினால்
பிளக்கில்
ரொட்டி ஓரத்தின் நிறம்.

செவ்வாயன்று கிளம்பினேன்.
எண்பத்தைந்தைத் தாண்டவில்லை.
(ஆகவே கூடிய மைலேஜில் ஊசிக்கு எவ்வளவு,
என் வலது மணிக்கட்டுக்கு எவ்வளவு
என்று கேட்டால் சொல்லத் தெரியாது.)
மேற்கிலிருந்து பக்கவாட்டில் அடித்தது.
நேராகப் போவதற்கே சாய்ந்து போக வேண்டியிருந்தது.
வேலியோரம் குவானக்கோ ஒன்று
நின்று என்னைப் பார்த்தது,
இவளுக்கு ஏன் இந்தப் பாடு என்பதுபோல.
ஏழாம் கம்பத்தில் குறித்த எண்: எழுபத்து நான்கு.

முந்நூற்றுப் பத்தாவது கிலோமீட்டரில்
இன்ஜின் ஓடிக்கொண்டே பங்குக்குள் நுழைந்தேன்.
தலைக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
ரொசெலியா வெளியே வந்தாள்.
பம்பில் அட்டை தொங்கியது: இல்லை.
டேங்கர் லாரியைக் காற்று
ஆற்றுப் பாலத்தருகே நிறுத்திவிட்டதாம்.
நாளை வரும், இல்லாவிட்டால் மறுநாள்.

சிரித்தேன்.
அழுகிறேன் என்று நினைத்து
அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

இரவு, டயர் அடுக்குக்குப் பக்கத்து பெஞ்சில் படுக்கை.
கூரைத் தகடு அடித்துக்கொள்ளும் வேகத்திலேயே
எனக்கு எண் தெரிந்துவிடும்.
குறிக்கவில்லை. கூலி நேரம் முடிந்துவிட்டது.

நடுச்சாமத்தில் ஒரு தடவை எழுந்துபோய்
இருட்டில் ஹேண்டில்பாரைப் பிடித்து
வண்டியை அசைத்துப் பார்த்தேன்.
களக்.
இன்னொரு தடவை.
களக்.
அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட.

போன மார்ச்சில் இந்தச் சத்தம் இல்லை.