கன்னி மூலையில் மலை

விளம்பரத்தில் போட்டது இவ்வளவுதான்:
பசுமலை அடிவாரம், ஒன்பது சென்ட்,
அறுபத்தொன்றில் கட்டி முழுதும் புதுப்பித்த தனிவீடு.
விலை நேரில்.

நேரில் சொல்கிறேன்.
வாசல் தெற்கு.
கேட்டதும் பாதிப் பேர் செருப்பைக் கழற்றுவதில்லை.
மீதிப் பேருக்குத்
தென்மேற்கில் எழும்பி நிற்கும் பாறையைக் காட்டி
"கன்னி மூலையில் கனம் வேணும்பாங்க,
இங்க மலையே இருக்கு" என்பேன்.
சிரிப்பவர்கள் உள்ளே வருவார்கள்.

கட்டியவர் மில் இன்ஜினியர் வேதமாணிக்கம்.
சரிவை வெட்டிச் சமமாக்கக் காசில்லை,
கூடத்தை மூன்று படி இறக்கிவிட்டார்.
தூணே இல்லாமல் ஏழடி நீளும் முன்தளத்தைப் பார்த்துக்
கொத்தனார்கள் பந்தயம் கட்டினார்களாம்,
ஒரு ஐப்பசி தாங்காதென்று.
அறுபத்து மூன்று ஐப்பசி.

மேற்குச் சுவர் முக்கால்வாசி கண்ணாடி.
நாலு மணிக்கு மேல்
வெயிலும் பாறையின் சூடும் சேர்ந்து
வட்டிக்குக் கொடுத்தவன் மாதிரி
நேரே கூடத்துக்கு வந்து உட்காரும்.
அதனால் காலை பத்துக்குத்தான்
வீட்டைக் காட்டுவேன்.

எட்வின் தனபாலும் பொற்செல்வியும்
வங்கி ஏலத்தில் எடுத்தபோது
குளியலறையில் அத்திச்செடி முளைத்திருந்தது.
இரண்டரை வருஷம் வேலை.
மொசைக் தரைமேல் யாரோ ஒட்டிய வெள்ளை டைல்ஸைப்
பொற்செல்வியே உளி பிடித்துப் பெயர்த்தாள்,
ஆபீஸ் விட்டு வந்து, நாளுக்கு நாலு.
அடியில் பச்சையும் மஞ்சளுமாய்ச் சில்லுகள்,
தோசை மாவில் சிந்திய வெந்தயம் போல.
எட்வின் சுவிட்சுக்கு அலைந்தார்,
கறுப்பு, உருண்டை, 'டொக்'கென்று விழுவது.
பழங்காநத்தத்தில் ஒரு காயலான் கடையில்
நாற்பத்தொன்று கிடைத்தன.
தேவை நாற்பத்திரண்டு.
அந்த ஒன்றுக்காக இரண்டு நாள் பேச்சில்லை.
கடைசியில் அவளே புதிதாக ஒன்றை வாங்கிப்
படுக்கையறையில் மாட்டினாள்.
கிரகப்பிரவேசத்துக்கு எனக்கும் சட்டைத்துணி எடுத்தார்கள்.

இப்போது தனித்தனியாக அழைக்கிறார்கள்.
அவர்: "ஒண்ணே முக்காலுக்குக் கீழ இறங்காதீங்க."
அவள்: "வாங்குறது யாருன்னு முதல்ல சொல்லுங்க."
கோர்ட் தேதியை மட்டும்
இருவரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள்.

பதினான்காவதாக வந்தவர் செக்கானூரணி,
கிரஷர் முதலாளி, பெயர் ஒச்சாத்தேவன்.
என் பேச்சைக் கேட்காமல் மூன்றரைக்கு வந்தார்.
தளத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை.
"கட்டடத்தைத் தட்டிட்டு ஆறு பிளாட் போடலாம்.
இடிக்கிற கூலியை மட்டும் கழிச்சுக்க.
மீதி உன் விலை."
இரண்டு சதவீதம், மூன்றரை லட்சம்.
ஜெய்ஹிந்துபுரத்தில் என் வாடகை வீட்டுக்கு
நாலு மாத பாக்கி.

வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது:
"கீழ முழுக்கப் பாறைங்க, அஸ்திவாரம் தோண்ட முடியாது."
"பாறையப் பத்தி எங்கிட்டயா?"
சிரித்துக்கொண்டே குதிகாலால் தரையை உதைத்தார்.
காதைச் சாய்த்தார்.
இன்னொரு உதை, இரண்டடி தள்ளி.
சிரிப்பு நின்றது.
"நரம்பு ஓடுது. வெடி வச்சா
எங்க போயி விடும்னு சொல்ல முடியாது.
இதும்மேல எவன்யா கணக்குப் போட்டுக் கட்டுனது?"

மணி நாலரை. சூடு வந்து உட்கார்ந்தது.
அவரும் நடுப்படியில் உட்கார்ந்தார்.
தண்ணீர் கேட்டார். குடித்தார். வியர்த்தார்.
எழுந்து அறை அறையாகப் போனார்,
டொக், டொக் என்று
ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்தபடி.
படுக்கையறையில் சத்தம் வரவில்லை.
"இது ஒண்ணு மட்டும் ஏன் வேறயா இருக்கு?"

சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று போய்விட்டார்.
தூசி அடங்குவதற்குள் போன்.
எட்வின். அடித்து ஓய்ந்தது.
அடுத்து பொற்செல்வி.
சாவி கையில் இருக்கிறது,
கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது,
பாறையின் நிழல் இரண்டாம் படிவரை வந்துவிட்டது.