கடன் நோட்டு

ஜெனிட்சாவில்
எஃகு ஆலையின் புகைபோக்கிக்குக் கீழே
புகைக்காதீர்கள் என்று சொல்லும் வேலை எனக்கு.
மாதச் சம்பளம், கழுத்தில் அடையாள அட்டை,
துண்டறிக்கைகள் நானூறு,
பைக்குள் ஒரு ரப்பர் நுரையீரல்:
பாதி ரோஜா நிறம், பாதி தார்.

முதல் நாளே ஒருவர் ஜன்னலைத் திறந்து காட்டினார்.
"முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்."
மலைகளுக்கு நடுவே
மூடி போட்ட பானை மாதிரி ஊர்,
மேலே பழுப்பாய் ஒரு வானம்.
ஜன்னலைச் சாத்தினேன். வேறென்ன செய்ய.

துண்டறிக்கைகள் வீணாகவில்லை.
சூரியகாந்தி விதைக்குப் பொட்டலமாயின,
ஆடும் மேசைக்கு முட்டாயின.
ஒன்றில் யாரோ சீட்டாட்டக் கணக்கு எழுதியிருந்தார்கள்,
நுரையீரலின் மேல்
தோற்றவன் பெயர்.

டாக்டர் மிர்சாத் நல்லவர்.
ஊரில் பாதிப் பேரின் மூச்சை அறிந்தவர்.
விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லும்போது
வெள்ளைக் கோட்டின் மேல்பையில்
பெட்டியின் மூலை தெரிகிறது.
நோயாளிகள் அந்த மூலையைத்தான் கேட்கிறார்கள்.

அமைச்சகம் சொன்னால்
"வரி வாங்குகிற கைதானே."
தொலைக்காட்சி சொன்னால்
"சண்டை வராது என்று சொன்னதும் இதே பெட்டிதான்."
நான் சொன்னால்
காபி கொண்டுவந்து வைக்கிறார்கள்.
சர்க்கரைக் கட்டியை நனைத்துக் கடித்தபடி
என் மகளின் படிப்பை விசாரிக்கிறார்கள்.
ஒருவரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஹைராவின் கடைக்கு ருஸ்மிர் என்றொருவன் வருவான்.
வாயைத் திறந்தால் பொய்.
இல்லாத தம்பியை இரண்டு முறை அடக்கம் செய்தவன்.
ஆலையில் அவனுக்குக் கொடுத்து ஏமாறாத ஆள் இல்லை.
பதினொரு வருஷமாய் ஹைராவின் கடன் நோட்டில்
அவனுக்கு மட்டும் தனிப் பக்கங்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
உள்ளே வந்தான், உட்காரவில்லை.
கோட்டுப் பையிலிருந்து உறை உறையாய் எடுத்தான்,
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.
ஸுல்ஃபோவுக்கு அறுபது மார்க்.
கிரேன் ஓட்டும் நெர்மினுக்கு முப்பத்தைந்து.
ஹைராவுக்கு எழுநூற்றுப் பத்து.
காரை விற்றிருக்கிறான்.
எண்ணிப் பாருங்கள் என்றான்.
யாரும் எண்ணவில்லை.
கடைசியாய் லைட்டரைக் கல்லாவின் மேல் வைத்தான்.
"இதுவும் உன்னுடையதுதான்,
வெள்ளம் வந்த வருஷம் எடுத்தது."
இருமினான்.
நாங்கள் பார்க்காதபடி கைக்குட்டையை மடித்தான்.
பார்த்தோம்.

புகையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த வாரமே ஸுல்ஃபோ விட்டான்.
நெர்மின் மூன்று நாள் விட்டான்,
பிடித்தான், மறுபடி விட்டான்.
ஹைரா ஆஷ்டிரேக்களைக் கழுவி
கல்லாவுக்கு அடியில் அடுக்கிவிட்டாள்.
கேட்டால் தருகிறாள்.
கேட்க வேண்டியிருக்கிறது.

மே மாதம் அவன் வீட்டுப் படியேறினேன்.
மூன்றாவது மாடி,
கதவுக்கு வெளியிலேயே ஆக்சிஜன் இயந்திரத்தின் உறுமல்.
உங்கள் படத்தைப் போஸ்டரில் போடலாமா?
சிரித்தான்.
அதற்கும் மூச்சைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.
"சுவரில் ஒட்டினால்
நானும் அரசாங்கம் ஆகிவிடுவேன், அம்மணி.
இந்த ஊர் என்னை நம்பியது ஒரே ஒரு நாள்.
அதில் கை வைக்காதீர்கள்."
பிறகு,
"அந்த நுரையீரல் கொண்டுவந்தீர்களா?"
இரண்டு கையாலும் வாங்கினான்.
ரோஜாப் பாதியைக் கட்டைவிரலால்
வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

ஆண்டறிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வி:
விட்டவர்களுக்குத் தகவல் எதன் வழியாக?
மருத்துவர். தொலைக்காட்சி. துண்டறிக்கை. பிற.
'பிற'வில் டிக் அடித்தேன்.
விவரம் எழுத
இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
பேனாவை அதன் மேல் வைத்தபடி இருக்கிறேன்.

பேனா ஹைராவுடையது.
திருப்பிக் கொடுக்க வேண்டும்.