லெக் பை

புவிதரன் அன்று நாற்பத்தொன்பது.
புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, எழுதியவன் நான்.
வந்தாறுமூலை மைதானம், கச்சான் காத்து,
பேராதனைப் பெடியன்கள் பந்தைத் தொடையில் தேய்த்துத் தேய்த்து
ஒரு பக்கத்தை மட்டும் சிவப்பாக வைத்திருந்த பின்னேரம்.

முப்பத்தோராவது ஓவர். ஒரு தட்டு, ஒரு ஓட்டம்.
நடுவர் காலைத் தூக்கி முழங்காலைத் தொட்டார்.
லெக் பை என்று குறித்து நானும் கையை உயர்த்தினேன்.
மறுகா பார்த்தால் மனுசன் இன்னும் சொறிந்துகொண்டிருக்கிறார்.
நுளம்பு.

அழிறப்பர் பையில்தான் கிடந்தது.
ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள்.
அடுத்த பந்து வந்துவிட்டது.

மூன்று ஓவர் கழித்து ஆட்டமிழந்தான்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றியபடி
என்னைத் தாண்டிப் போனான்.
புத்தகத்தை எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைக்கே எல்லைக்கோட்டில் பாய்ந்து
வலது தோளையும் முறித்துக்கொண்டான்.

விவசாயப் பட்டம் இருந்தது, வேலை இல்லை.
ஆட்டோக்களுக்கு நம்பர் எழுதினான்.
ஆரையம்பதியில் பாலர் பாடசாலைச் சுவருக்கு
ஒன்பது முயல் கீறினான்; எட்டுக்குத்தான் காசு கொடுத்தார்களாம்.

தோளுக்கு மேல் அவன் கை எழும்பாது.
அதனால்தான் அவன் படங்களில் வானம் இல்லை.
பத்திரிகைக்காரர் வேறு காரணங்கள் எழுதுகிறார்கள்,
எல்லாம் பெரிய பெரிய சொற்கள்.
கல்லடிப் பாலத்தை அடியிலிருந்து கீறுவான்.
மீன் சந்தையைக் கணுக்கால்களாக.
வாவியை, கரையில் கழற்றிவைத்த செருப்புகளாக.

போன மாசம் கண்காட்சி.
வங்கிச் சட்டையோடே போனேன்.
கடைசிச் சுவரில் என் நெஞ்சளவுக்கு
ஒரு முழங்கால். கறுத்தக் காற்சட்டை, வளைந்த விரல்கள்.
விரலுக்குப் பக்கத்தில், கிட்டப் போனால்தான் தெரியும்,
ஒரு நுளம்பு.

பன்னிரண்டு வருசம்.

"என்ன விலை?" என்றேன், வேறென்ன கேட்க.
"அம்பதாயிரம்."
"நாப்பத்தொம்பதுக்குத் தருவியா?"
வாய் தவறி வந்தது.

அவன் விரல்களைப் பழந்துணியில் துடைத்தான்,
ஒவ்வொன்றாக, சின்ன விரல்வரை.
"ஆருக்கெண்டாலும் குறைப்பன். உனக்கு அம்பதுதான்டா."
மறுகாதான் சிரித்தான்.

மூன்று தவணையில் கட்டினேன்.
இப்போது முன்னறையில் தொங்குகிறது.
"ஆர்ர கால் இது?" என்கிறாள் மனிசி.
சொல்லத் தொடங்கினால் புத்தகத்திலிருந்து தொடங்கவேண்டும்.
"கொஞ்சம் சரிஞ்சிருக்கு" என்று
எழும்பிப் போய்ச் சட்டத்தை நேராக்கினேன்.