கூரையை விடு

தைப்பனி. மல்லாவியில் காலை ஏழு.
சத்தம் அடக்கும் தார்த்தாள்
காய்ந்த மாட்டுத்தோலாய் விறைத்துக் கிடக்கிறது.
தகரத்தில் வைத்தால்
ஓரம் எழும்பி என்னைப் பார்க்கிறது.

மனுசியின் தலைமயிர் காயவைக்கிற மெசினைக்
கேட்காமல் எடுத்து வந்தேன்.
ஈரம் துடைத்து, சூடு காட்டி,
உருளையால் அழுத்த அழுத்த
ஒரு கதவு அடங்கியது.
தட்டினேன்.
முன்பு டணார்.
இப்போது தொப்,
பழுத்த பலாப்பழம்.

தளம், சில்லுவளைவு, மற்றக் கதவுகள் முடிய
உள்கூரைச் சீலையில் கைவைத்தேன்.
கோமளேஸ்வரி தடுத்தா.
"கூரையை விடு.
றோட்டுக்கரையில நெல் காயுது,
இரவு வானுக்கைதான் படுக்கிறன்.
முதல் துளி
எனக்குக் கேக்க வேணும்."

மிஞ்சின ஆறு தாளும்
பத்து மணி வெயிலில்
தாமாகவே இளகிக் கிடந்தன,
இனி வேண்டாம் என்றபிறகு.