மூன்றாவது குமிழ்

நாரின் நகர வானொலியின் ஒலிப்பலகையில்
இடமிருந்து மூன்றாவது குமிழ் மட்டும்
வழவழவென்றிருக்கும்.
பதினோரு வருடமாக
என் கட்டைவிரல் பார்த்த வேலை அது.

காலை ஏழு மணி. செய்திகள்.
வாசிப்பது புருலாய்.
அவள் தொண்டையைச் செருமுமுன்பே
குமிழை இடப்பக்கம் திருகிவிடுவேன்,
பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனின் கைப்பழக்கத்தோடு.
உச்சியில் கொஞ்சம் கழிப்பேன்,
அடியில் கொஞ்சம் சேர்ப்பேன்.

எல்லாம் கடிதங்களால் வந்தது.
அத்பாஷியிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர்
மாதம் தவறாமல் எழுதுவார்:
"அந்தப் பெண்ணின் கீச்சுக்குரல் காதைக் குத்துகிறது.
என் குதிரைகள்கூட மிரள்கின்றன."
இந்த மலையில்
குதிரை சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.
இயக்குநர் தோக்தோசுன் கடிதத்தை மடித்தார்.
என்னைத் தனியே கூப்பிட்டுக் குமிழைக் காட்டினார்.
அவளிடம் சொன்னது ஒரே வரி:
கொஞ்சம் அடக்கி வாசி.

மாலைச் செய்தி எர்மெக்.
நிரந்தர மூக்கடைப்பு. எழுத்துக்கூட்டி வாசிப்பான்.
மாவட்டங்களின் பெயர்களைப் பாதியில் விழுங்குவான்.
அவனுக்காக நான் எந்தக் குமிழையும் தொட்டதில்லை.
அவனைப் பற்றி வந்த ஒரே கடிதம்
அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டது.

புருலாயின் மகளுக்கு நான்கு வயது.
ரேடியோவில் வருவது அம்மா இல்லையென்று
அடித்துச் சொல்கிறாளாம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன்,
ஆறிய பிறகும்.

பிப்ரவரியில் ஒரு விடியல்.
தோலோன் கணவாயில் பனி சரிந்தது.
பாதையில் இரண்டு பேருந்துகள்.
நகரம் இருண்டு கிடந்தது.
ஜெனரேட்டருக்கு ஒலிபரப்பியை இழுக்கவே மூச்சு போதவில்லை,
ஒலிப்பலகையைக் கழற்றிவிட்டு
மைக்கை நேராகக் கோத்தேன்.
நான்கு மணி நேரம் வாசித்தாள்:
எந்த ஊர்ப் பாதை அடைபட்டது,
யார் வீட்டில் அடுப்பு எரிகிறது,
கம்பளிகளை எங்கே கொண்டுவந்து போடுவது,
மீட்கப்பட்டவர்களின் பெயர்கள்
ஒவ்வொன்றும் இரண்டு முறை.
பெயர்கள் நீள நீளக் குரல் ஏறியது.
ஏறட்டும் என்று விட்டேன் எனச் சொல்ல ஆசைதான்.
விடாமல் என்ன செய்வது?
என் கட்டைவிரல்
வெறும் மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

மார்ச் மாதக் கடிதமும் தவறாமல் வந்தது.
"பனி விழுந்த அன்று வாசித்த புதிய பெண் யார்?
காற்றின் இரைச்சலிலும் ஒரு பெயர் தப்பவில்லை.
பழையவளை அனுப்பிவிட்டு
இவளையே வைத்துக்கொள்ளுங்கள்."

தோக்தோசுன் வயிறு குலுங்கச் சிரித்தார்.
நல்ல சேதி என்று நினைத்து
நான்தான் கடிதத்தை அவளிடம் கொண்டுபோனேன்.
இரண்டு முறை படித்தாள்.
சிரிக்கவில்லை.

"பழையவள் யார்?" என்றாள்.

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.
ஒலிப்பலகையைப் பழுது பார்த்து
அன்றுதான் திரும்ப மாட்டியிருந்தார்கள்.
மூன்றாவது குமிழ்
பளபளவென்று எங்கள் இருவருக்கும் நடுவில்.